இட அமைவுப் பிறழ்வில் நுரையீரல் குருதிக் குழல் குறைபாடுகள்

இட அமைவுப் பிறழ்வில் நுரையீரல் குருதிக் குழல் குறைபாடுகள் என்பவை, மார்பு, வயிற்று உறுப்புகள் வலம் இடம் பிரிந்து அமைவதில் கருவிலேயே பிழை நேர்ந்த குழந்தைகளின் நுரையீரல் தமனிகள், சிரைகள், தந்துகிகள் ஆகியவற்றில் காணப்படும் அமைப்புக் கோளாறுகள் ஆகும். இப்பிறழ்வு மருத்துவத்தில் ஹெட்டரோடாக்சி என்று அழைக்கப்படுகிறது. ஏறத்தாழ 10,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் இது காணப்படுவதாக மதிப்பிடப்படுகிறது. இக்குழந்தைகளிடம் முதலில் கண்டறியப்படுவது பெரும்பாலும் இதயக் குறைபாடே. ஆயினும் குழந்தை பிழைப்பதும், அறுவை மருத்துவத்தின் பயன் நிலைப்பதும் பல நேரங்களில் நுரையீரலின் குருதிக் குழல்களைப் பொறுத்தே அமைகின்றன.

இக்குறைபாடுகளுள் சில பிறவியிலேயே உள்ளவை. நுரையீரல் சிரைகள் தவறான இடத்தில் சென்று சேர்வதும், நுரையீரல் தமனி குறுகியிருப்பதும் இவ்வகையின. வேறு சில பிறந்த பின்னரே, சில வேளைகளில் இதய அறுவைக்குப் பல ஆண்டுகள் கழித்தே, உருவாகின்றன. கல்லீரலிலிருந்து வரும் குருதி நுரையீரலை அடையாதபோது தோன்றும் தமனி-சிரை நேரிணைப்புகள் இவற்றுள் முதன்மையானவை.

== பெயர்களும் பொருளும் ==

மனித உடல் வெளியிலிருந்து பார்க்கும்போது இருபுறமும் ஒன்றுபோல் தோன்றினாலும் உள்ளே அவ்வாறில்லை. இதயத்தின் முனை இடப்புறம் சாய்ந்துள்ளது. கல்லீரலின் பெரும்பகுதி வலப்புறமும், இரைப்பையும் மண்ணீரலும் இடப்புறமும் உள்ளன. வல நுரையீரலுக்கு மூன்று மடல்கள், இட நுரையீரலுக்கு இரண்டு. இதுவே இயல்பமைவு ஆகும்.

இவை யாவும் கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல முழுமையாக இடம் மாறியிருப்பின் அது ஆடியமைவு எனப்படும். இத்தாலியரான மார்கோ செவெரினோ 17ஆம் நூற்றாண்டில் வலப்புற இதயத்தைக் குறிப்பிட்டார். முழு ஆடியமைவைப் பற்றிய தெளிவான விளக்கத்தை மேத்யூ பெய்லி 1788இல் வெளியிட்டார். ஆடியமைவு உடையோர் பெரும்பாலும் நலமாகவே வாழ்கின்றனர். உறுப்புகளுக்கிடையேயான ஒழுங்கு அவர்களிடம் கெடவில்லை, திசை மட்டுமே மாறியுள்ளது. "இதயம் வலப்பக்கம் இருக்கிறது" என்று கேள்விப்பட்டவுடன் பெற்றோர் அடையும் அச்சம் பல நேரங்களில் தேவையற்றதாய் இருப்பதற்கு இதுவே காரணம்.

இட அமைவுப் பிறழ்வு இதனினும் வேறானது. இங்கு உறுப்புகள் இயல்பாகவும் இல்லை, முழுமையாகத் திரும்பியும் இல்லை, ஒழுங்கு கலைந்துள்ளது. ஒரு சோடிச் செருப்பில் இரண்டும் வலக்கால் செருப்பாகவோ, இரண்டும் இடக்கால் செருப்பாகவோ இருப்பது போன்ற நிலை பல குழந்தைகளிடம் காணப்படுகிறது. இரு பக்கமும் வலப்பக்கத் தன்மை பெற்றிருப்பின் வலச் சமவமைவு என்றும், இரு பக்கமும் இடப்பக்கத் தன்மை பெற்றிருப்பின் இடச் சமவமைவு என்றும் கூறுவர். மண்ணீரல் இடப்பக்க உறுப்பு என்பதால் வலச் சமவமைவில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. இடச் சமவமைவிலோ பல சிறு மண்ணீரல்களாகச் சிதறிக் கிடக்கும். எனவே பழைய நூல்கள் இவற்றை முறையே மண்ணீரலின்மைக் கூட்டறிகுறி, பன்மண்ணீரல் கூட்டறிகுறி என்று குறிப்பிட்டன. மண்ணீரலின்மைக்கும் இதயக் குறைபாட்டுக்கும் உள்ள தொடர்பை 1955இல் விரிவாக ஆய்ந்த சுவீடன் நாட்டு நோயியலாளர் பியோர்ன் இவெமார்க் பெயராலும் இது அழைக்கப்பட்டது. மண்ணீரலின் நிலை எப்போதும் இதயத்தின் அமைப்போடு ஒத்துப் போவதில்லை என்பதால் இப்பெயர்களை இன்று முற்றிலும் நம்புவதற்கில்லை.

== தோற்றக் காரணம் ==

கரு உருவான மூன்றாம், நான்காம் வாரங்களிலேயே வலம் எது, இடம் எது என்பது முடிவாகிறது. கருத்தட்டில் உள்ள கணு என்னும் சிறு பகுதியின் உயிரணுக்களில் நுண்ணிய அசையும் இழைகள் உள்ளன. இவை ஒரே திசையில் சுழன்று, சூழ்ந்துள்ள நீர்மத்தை இடப்புறமாக ஓடச் செய்கின்றன. சுண்டெலிக் கருவில் இவ்வோட்டத்தை நொபுடாகா ஹிரோகாவாவின் சப்பானிய ஆய்வுக்குழு 1998இல் காட்டியது. இவ்வோட்டத்தின் விளைவாக நோடல், லெப்டி, பிட்எக்சு2 ஆகிய மரபணுக்கள் இடப்பக்கத்தில் மட்டும் செயற்படத் தொடங்குகின்றன. இந்த வரிசையில் எங்கேனும் தடை நேரின் உறுப்புகள் தம் பக்கத்தை அறியாது போகின்றன.

இவற்றுள் பிட்எக்சு2 நுரையீரல் சிரைகளின் சுவரில் உள்ள இதயத் தசை உருவாவதிலும் பங்கு கொள்கிறது. சிரைக் குறைபாடும் இட அமைவுப் பிறழ்வும் சேர்ந்தே வருவதன் காரணத்தை இது ஓரளவு விளக்குகிறது.

சிக்3 என்னும் மரபணு எக்சு நிறப்புரியில் உள்ளது. அதில் நேரும் மாற்றம் தாயிடமிருந்து ஆண் குழந்தைகளுக்குச் செல்லக்கூடும். வேறு பல மரபணுக்கள் பெற்றோர் இருவரிடமிருந்தும் குறை பெறும்போது மட்டுமே நோயை உண்டாக்குபவை. உறவுத் திருமணங்களில் இதற்கான வாய்ப்புக் கூடுதல். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் உறவினரையே மணந்தவர்கள் ஆதலால் தமிழகச் சூழலில் இது கருதத்தக்கது. எனினும் பெரும்பாலான குழந்தைகளிடம் காரணமான மரபணு எது என்று கண்டறியப்படுவதில்லை. தாய் கருவுற்ற காலத்தில் பார்த்தது, உண்டது, கிரகணத்தில் வெளியே சென்றது போன்றவற்றால் இது வருவதில்லை. தாய்க்குக் கருவுறுமுன்பே உள்ள நீரிழிவு மட்டும் ஆபத்தைக் கூட்டும் காரணிகளுள் ஒன்றாக அறியப்பட்டுள்ளது.

== இயல்பான நுரையீரல் குருதியோட்டம் ==

உடலிலிருந்து திரும்பும் ஆக்சிசன் குறைந்த குருதி மேற்பெருஞ்சிரை, கீழ்ப்பெருஞ்சிரை வழியாக வல மேலறையை அடைந்து, வல கீழறையிலிருந்து நுரையீரல் தமனிக்குள் செல்கிறது. தமனி கிளைத்துக் கிளைத்து, காற்று நுண்ணறைகளைச் சூழ்ந்த தந்துகிகளாகிறது. தந்துகியின் உள்விட்டம் ஏறத்தாழ ஒரு சிவப்பணு நுழையும் அளவே. அங்கு ஆக்சிசனைப் பெற்ற குருதி, வழக்கமாக நான்கு நுரையீரல் சிரைகள் வழியாக இட மேலறைக்குத் திரும்புகிறது.

காவிரிக் கடைமடையில் உள்ளோருக்கு இது எளிதில் விளங்கும். ஆற்றுநீர் வாய்க்காலில் வந்து, வயலில் பரவி, பயிருக்குப் பயன்பட்டு, பின் வடிகாலில் இறங்குகிறது. வாய்க்கால் தமனி, வயல் தந்துகி, வடிகால் சிரை. வடிகால் தூர்ந்தால் வயல் மூழ்கும். வாய்க்கால் தூர்ந்தால் வயல் காயும். வாய்க்காலை உடைத்து நேரே வடிகாலில் விட்டால் நீர் ஓடும், ஆனால் பயிருக்குப் பயனில்லை. இட அமைவுப் பிறழ்வில் இம்மூன்றும் நிகழ்கின்றன.

== வலச் சமவமைவில் சிரைக் குறைபாடு ==

நுரையீரல் சிரைகள் சேர வேண்டிய இடம் இட மேலறை. வலச் சமவமைவிலோ இரு மேலறைகளும் வல மேலறையின் தன்மை உடையவை. எனவே சிரைகள் இதயத்திற்குள்ளேயே வந்து சேர்ந்தாலும் உடற்கூற்றியல் நோக்கில் அவை தவறான இடத்தையே சேர்ந்தவை ஆகின்றன. பல குழந்தைகளில் அவை இதயத்தை அடையாமல், இதயத்தின் பின்னால் ஒன்றுகூடி ஒரு பொதுக் குழலாகி, மேற்பெருஞ்சிரைக்கோ, உதரவிதானத்தைத் துளைத்துக் கீழிறங்கிக் கல்லீரலின் வாயிற்சிரைக்கோ செல்கின்றன. இது முழுமையான முறைகேடான நுரையீரல் சிரை இணைப்பு எனப்படும். 1957இல் டார்லிங் முதலியோர் வகுத்த இதயத்துக்கு மேல், இதயத்தில், இதயத்துக்குக் கீழ், கலப்பு என்ற நான்கு வகைகளே இன்றும் பின்பற்றப்படுகின்றன.

கீழ்நோக்கிச் செல்லும் வகையில் குருதி கல்லீரலின் நுண்குழல்களைக் கடந்தே இதயத்திற்குத் திரும்ப இயலும். ஆதலால் தடை ஏற்படுவது ஏறக்குறைய உறுதி. வடிகால் அடைபட்ட வயல் போல் நுரையீரல் நீர் கோத்துக்கொள்கிறது. பிறந்து சில மணி நேரத்திலேயே குழந்தை நீலம் பாரித்து மூச்சுத் திணறும். மார்பு ஊடுகதிர்ப் படத்தில் நுரையீரல் வெண்பனி படர்ந்ததுபோல் தெரிவதால் நிமோனியா என்றோ, குறைப்பிரசவ நுரையீரல் நோய் என்றோ பிழையாகக் கருதப்படுவதுண்டு.

இங்கு மருத்துவர்கள் நன்கு அறிந்த ஒரு சிக்கலைக் குறிப்பிட வேண்டும். வலச் சமவமைவில் நுரையீரல் தமனியும் குறுகியோ முற்றிலும் மூடியோ இருப்பது மிகுதி. வாய்க்காலிலேயே நீர் குறைவாக வரும்போது வடிகால் அடைப்பு வெளியே தெரிவதில்லை. அத்தகைய குழந்தைக்கு நாளத்தைத் திறந்து வைக்கும் புரோசுடாகிளாண்டின் மருந்தைச் செலுத்தினாலோ, 1944இல் தொடங்கப்பட்ட பிளாலாக்-டாசிக் இணைப்பு போன்ற அறுவையால் நுரையீரலுக்கு நீரோட்டம் கூட்டினாலோ, மறைந்திருந்த அடைப்பு திடீரென வெளிப்பட்டு நுரையீரல் மூழ்கும். எனவே முதல் அறுவைக்கு முன் நான்கு சிரைகளும் எங்கே செல்கின்றன என்பதை ஒவ்வொன்றாகத் தேடிக் காண்பது கட்டாயம் எனக் கொள்ளப்படுகிறது.

சிரைகளை அறுவையால் மேலறையோடு இணைத்த பின்னரும் இணைப்பிடத்திலோ, நுரையீரலுக்குள்ளேயோ சிரைகள் மீண்டும் குறுகலாம். பலூனால் விரித்தல், உலோக வலைக்குழாய் வைத்தல் ஆகியவற்றின் பயன் பெரும்பாலும் நீடிப்பதில்லை. இக்குழந்தைகளின் உயிரிழப்புக்கு முதன்மையான காரணங்களுள் இதுவும் ஒன்று.

== இடச் சமவமைவும் கல்லீரற் குருதியும் ==

இடச் சமவமைவில் நுரையீரல் சிரைகளின் சிக்கல் பொதுவாகக் குறைவு. வல நுரையீரலின் சிரைகள் வலப்புற மேலறைக்கும், இட நுரையீரலின் சிரைகள் இடப்புற மேலறைக்கும் செல்வது அடிக்கடி காணப்படும். இங்கு பெருங்குறை வேறிடத்தில் உள்ளது. கீழ்ப்பெருஞ்சிரையின் கல்லீரல் பகுதி பெரும்பாலும் உருவாவதில்லை. கால்கள், சிறுநீரகங்கள் ஆகியவற்றிலிருந்து வரும் குருதி, முதுகெலும்பை ஒட்டியுள்ள அசைகசு சிரை வழியாக ஏறி மேற்பெருஞ்சிரையில் கலக்கிறது. கல்லீரலின் சிரைகள் மட்டும் தனியே நேராக மேலறையில் திறக்கின்றன. நலமாக வாழும் ஒருவரிடம் வேறு காரணத்திற்காக எடுத்த வயிற்றுப் படத்தில் இவ்வமைப்புத் தற்செயலாகத் தெரிய வருவதும் உண்டு.

இதயத்தில் ஒரே ஒரு பயனுள்ள கீழறை மட்டும் உள்ள குழந்தைகளுக்கு, உடலின் சிரைகளை நேரடியாக நுரையீரல் தமனியோடு இணைக்கும் அறுவைகள் செய்யப்படுகின்றன. மேற்பெருஞ்சிரையை இணைக்கும் முறையை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் கிளென் 1958இல் வெளியிட்டார். கீழ்ப்பகுதிக் குருதியையும் நுரையீரலுக்குத் திருப்பும் முறையைப் பிரான்சின் பிரான்சிசு பொந்தான் 1971இல் வெளியிட்டார். இடச் சமவமைவில் கால்களின் குருதியும் ஏற்கெனவே மேற்பெருஞ்சிரைக்கு வந்துவிடுவதால், ஒரே இணைப்பில் உடலின் சிரைக் குருதியில் பெரும்பகுதியை நுரையீரலுக்கு அனுப்பிவிடலாம் என்பதைச் சப்பானின் யசுநாரு கவாசிமா கண்டார். அவரது முறை 1984இல் வெளிவந்தது. கவாசிமா அறுவை என்று அது பெயர் பெற்றது. கல்லீரற் குருதி மட்டும் விடுபட்டது. அது சிறு பங்குதானே என்று அன்று கருதப்பட்டது இயல்பே.

அறுவைக்குப் பின் குழந்தைகளின் நிறம் தேறியது. பின்னர், சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ, அவர்களுள் ஒரு பகுதியினர் மீண்டும் நீலம் பாரிக்கத் தொடங்கினர். இதய இணைப்புகளில் குறையில்லை. நுரையீரலின் தந்துகிகள் விரிந்து, தமனியும் சிரையும் நேராக இணைந்த எண்ணற்ற சிறு வழிகள் உண்டாகியிருந்தன. இவையே நுரையீரல் தமனி-சிரை நேரிணைப்புகள். குருதி காற்று நுண்ணறையின் அருகே உரிய முறையில் பரவாமலே கடந்து போகிறது. கவாசிமா அறுவை செய்துகொண்டோருள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் முதல் பாதிக்கும் மேற்பட்டோர் வரை இது காணப்பட்டதாக வெவ்வேறு மருத்துவமனைகளின் கணக்குகள் கூறுகின்றன. கண்டறியும் முறை நுட்பமாக ஆக, எண்ணிக்கையும் கூடுகிறது.

கிளென் அறுவையின் பழைய வடிவத்தில் மேற்பெருஞ்சிரை வல நுரையீரலோடு மட்டும் இணைக்கப்பட்டது. அத்தகையோரிடம் நேரிணைப்புகள் வல நுரையீரலில் மட்டுமே தோன்றின என்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. இதயத் துடிப்பின் உந்தல் இல்லாத ஓட்டம் காரணமா, வேறேதேனுமா என்ற விவாதம் நடந்து வந்தது. 1995இல் தீபக் சிறீவத்சவா முதலியோர் வெளியிட்ட ஆய்வு, கல்லீரற் சிரைகளின் குருதி நுரையீரலை அடையாமையே பொதுவான காரணம் என்று காட்டியது. கல்லீரலில் உருவாகும் ஏதோ ஒரு பொருள் நுரையீரல் தந்துகிகளை ஒழுங்கில் வைத்திருக்கிறது. உடல் முழுதும் சுற்றி நீர்த்துப்போய் வரும்போது அதன் வலிமை போதவில்லை என்பது இதன் உட்கருத்து. அப்பொருளுக்குக் கல்லீரற் காரணி என்று பெயரிட்டனர்.

இக்கருத்துக்குச் சான்றாக அமைந்தது மருத்துவத்தின் விளைவே. விடுபட்ட கல்லீரற் சிரைகளைச் செயற்கைக் குழல் மூலம் நுரையீரல் தமனியோடு இணைத்தபோது, பல குழந்தைகளில் நேரிணைப்புகள் சில மாதங்களில் சுருங்கி மறைந்தன. அவ்வாறு இணைத்த பின் கல்லீரற் குருதி ஒரு நுரையீரலுக்கே பெரிதும் சென்றுவிட்டால், மற்ற நுரையீரலில் மட்டும் நேரிணைப்புகள் நீடிக்கின்றன, அல்லது புதிதாகத் தோன்றுகின்றன. அதைத் திருத்தினால் அவையும் குறைகின்றன. ஒரே உடலின் இரு நுரையீரல்கள் ஒன்றுக்கொன்று ஒப்பீடாக அமைந்த இத்தகைய தெளிவான சான்று மருத்துவத்தில் அரிது.

கல்லீரற் காரணி எது என்பது இன்னும் உறுதிப்படவில்லை. கல்லீரலில் உருவாகும் பிஎம்பி9 என்னும் புரதம் வலுவாக ஐயுறப்படுகிறது. குடும்ப வழியாக வரும் குருதிக்கசிவு நுண்குழல் விரிவு நோயிலும் நுரையீரலில் நேரிணைப்புகள் உண்டாகின்றன; அந்நோயில் பழுதாகும் எண்டோகிளின், ஏஎல்கே1 ஆகியவை பிஎம்பி9 செயற்படும் அதே பாதையைச் சேர்ந்தவை என்பது இவ்வையத்துக்கு அடிப்படை.

== கல்லீரலைத் தவிர்த்துச் செல்லும் வாயிற்சிரை ==

இதய அறுவையே செய்யாத ஒருவரிடமும் இதே நிலை தோன்றலாம். குடலிலிருந்து வரும் வாயிற்சிரை கல்லீரலுக்குள் நுழையாமல் நேராகப் பெருஞ்சிரையோடு சேர்வது பிறவி வாயிற்சிரைத் தவிர்ப்பிணைப்பு ஆகும். இலண்டன் அறுவை மருத்துவர் சான் அபெர்னெத்தி 1793இல் ஒரு பெண் குழந்தையின் உடலைக் கூறுசெய்து இதனை விவரித்தார். அக்குழந்தையின் இதயம் வலப்புறம் அமைந்திருந்தது. இட அமைவுப் பிறழ்வுக்கும் இக்குறைக்கும் உள்ள உறவு அந்த முதல் விவரிப்பிலேயே அடங்கியிருந்தது எனலாம்.

பன்மண்ணீரல் உடைய குழந்தை இதயக் குறை இன்றியே நீலம் பாரித்தால் வாயிற்சிரையையும் ஆராய வேண்டும். தவிர்ப்பிணைப்பை அறுவையாலோ குழல்வழிச் செலுத்தும் அடைப்பானாலோ மூடினால் நுரையீரல் தேறக்கூடும். இடச் சமவமைவோடு பித்தநாள அடைப்பும் சிலரிடம் சேர்ந்து வருகிறது. அத்தகைய குழந்தைகளுக்குக் கல்லீரல் இறுகும்போது நுரையீரல் தந்துகிகள் விரிவடைந்து ஆக்சிசன் குறையலாம். அப்போது கல்லீரல் மாற்று அறுவையே வழி.

== அறிகுறிகள் ==

உதடு, நாக்கு, நகம் ஆகியவை நீலமாதல் முதன்மை அறிகுறி. கருநிறத் தோலில் நீலம் எளிதில் தெரியாது என்பதால் நாக்கையும் ஈறுகளையும் நல்ல வெளிச்சத்தில் பார்த்தல் வேண்டும். விரல் நுனிகள் உருண்டு திரண்டு, நகங்கள் கிளிமூக்குப் போல் வளைகின்றன. விளையாட்டில் மற்ற குழந்தைகளோடு ஈடுகொடுக்க இயலாமை, படியேறும்போது இளைப்பு ஆகியன மெல்ல மெல்லக் கூடுவதால் வீட்டார் பழகிப்போய்க் கவனிக்காமல் விடுவதுண்டு. ஆக்சிசன் அளிக்கும்போது அளவு சிறிதே உயர்வதும் நேரிணைப்பைச் சுட்டும்.

தந்துகிகள் நுரையீரலின் வடிகட்டியும் ஆகும். காலில் உறைந்த குருதித் துணுக்கோ, பல்லிலிருந்து வந்த கிருமியோ இயல்பாக அங்கே சிக்கிக்கொள்ளும். நேரிணைப்பு உள்ளோரிடம் அது மூளைக்குச் சென்று பக்கவாதத்தையோ மூளைச் சீழ்க்கட்டியையோ உண்டாக்கலாம். இவர்களுக்குச் சிரை வழி மருந்து செலுத்தும்போது குழாயில் ஒரு காற்றுக்குமிழிகூட இருத்தலாகாது என்று செவிலியருக்கு வலியுறுத்தப்படுவது இதனாலேயே.

== கண்டறிதல் ==

கருவுற்ற 18 முதல் 20 வாரங்களில் செய்யப்படும் மீயொலிச் சோதனையிலேயே இட அமைவுப் பிறழ்வை ஐயுற முடியும். இதயமும் இரைப்பையும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருத்தல், பெருந்தமனியும் கீழ்ப்பெருஞ்சிரையும் முதுகெலும்பின் ஒரே பக்கத்தில் இருத்தல் (வலச் சமவமைவு), கீழ்ப்பெருஞ்சிரை காணப்படாமை (இடச் சமவமைவு) ஆகியன தடயங்கள். ஊடுகதிர்ப் படத்தில் மூச்சுக்கிளைக்குழல்களின் நீளமும் உதவும்: இயல்பாக வலக்குழல் குட்டையானது, இடக்குழல் நீண்டது. இரண்டும் குட்டையாயின் வலச் சமவமைவு, இரண்டும் நீளமாயின் இடச் சமவமைவு.

நேரிணைப்பைக் கண்டறியக் குலுக்கிய உப்புநீர்ச் சோதனை பயன்படுகிறது. உப்புநீரைக் குலுக்கினால் உண்டாகும் நுண்குமிழிகள் தந்துகியைக் கடக்க இயலாதவை. அவை சில துடிப்புகளில் நுரையீரல் சிரைகளிலிருந்து மேலறைக்குள் வருமாயின் நடுவே நேர்வழி உண்டு என்பது பொருள். கையின் சிரையில் செலுத்தும் குமிழிகள் இதயத்துக்குள்ளேயே கலந்துவிடும் குழந்தைகளிடம், குழல் செலுத்தி ஒவ்வொரு நுரையீரல் தமனியிலும் தனித்தனியே இச்சோதனை செய்யப்படும். பரவலான நுண் நேரிணைப்புகள் சாதாரண நிறமூட்டிப் படத்தில் தெரியாதபோதும் இதில் தெரிந்துவிடும். சிரைகளின் போக்கை அறியக் கணினித் தளக்கதிர்ப் படமும் காந்த ஒத்திசைவுப் படமும் சிறந்தவை.

== மருத்துவம் ==

அடைப்புள்ள சிரை இணைப்பு உடனடி அறுவையை வேண்டுவது. தமனி குறுகிய குழந்தைக்கு முதலில் இணைப்புக் குழல் அமைத்து, பின் கிளென் அல்லது கவாசிமா, அதன் பின் பொந்தான் என்று படிப்படியாகச் செய்வர். கவாசிமா அறுவைக்குப் பின் கல்லீரற் சிரைகளை இணைக்கும் அடுத்த கட்டத்தை நீண்ட காலம் ஒத்திப்போடாமல் செய்வதே இன்றைய போக்கு. கல்லீரற் குருதி இரு நுரையீரல்களுக்கும் பகிர்ந்து செல்ல, சிரைகளை அசைகசு சிரையோடு இணைக்கும் முறையும் கையாளப்படுகிறது. அறுவைக்கு முன் கணினியில் ஓட்டத்தை உருவகப்படுத்திக் குழலின் இடத்தைத் தேர்வதும் உண்டு.

பெரிய தனி நேரிணைப்பைச் சுருள்கம்பியால் அடைக்கலாம். பரவலானவற்றுக்கு அது பயன்படாது. இட அமைவுப் பிறழ்வு உடைய சிலரிடம் மூச்சுக்குழலின் அசையும் இழைகளும் செயற்குறை உடையன என்பதால் அறுவைக்குப் பின் சளி தேங்கிச் செயற்கைச் சுவாசம் நீள்கிறது. கருவில் உறுப்புகளை இடம் பிரித்த இழையும், மூச்சுக்குழலில் சளியை அகற்றும் இழையும் ஒரே குடும்பம் என்பதே இதற்குக் காரணம்.

மண்ணீரல் இல்லாத குழந்தைக்குக் காய்ச்சல் ஒரு அவசர நிலை ஆகும். நுண்கோளத் தொற்று சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக் கூடும். மலேரியாவும் கடுமையாகத் தாக்கும். நாள்தோறும் பென்சிலின் அல்லது அமாக்சிசிலின் தடுப்பாக அளிக்கப்படுகிறது. நுண்கோளத் தடுப்பூசி இந்திய அரசின் இலவசத் திட்டத்தில் 2017 முதல் படிப்படியாகச் சேர்க்கப்பட்டு 2021இல் நாடு முழுவதும் விரிந்தது. இக்குழந்தைகளுக்கு அதற்கு மேலும் சில தடுப்பூசிகள் தேவை.

== காரைக்கால் கடற்கரைப் பகுதியில் ==

நெரவி (நிரவி எனவும் எழுதப்படும்) புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் காரைக்கால் மாவட்டத்தில் உள்ள ஒரு கொம்யூன் ஆகும். மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ இரண்டு இலட்சம். 10,000 பிறப்புகளுக்கு ஒன்று என்னும் அளவை இத்தகைய சிறு பகுதியில் வைத்து நோக்கினால், உள்ளூர் மகப்பேற்று மருத்துவர் ஒருவர் பல ஆண்டுகளில் ஒரு முறையே இதனைக் காண்பார். அரிதாகையால் தவறிப்போகும் வாய்ப்பும் மிகுதி. பிறந்து 24 மணி நேரம் கழித்துக் கையிலும் காலிலும் ஆக்சிசன் அளவைப் பார்க்கும் எளிய சோதனை இங்கு பெரும்பயன் தரக்கூடியது. கருவி சிறியது, செலவும் சிறிது.

காரைக்காலில் அரசு பொது மருத்துவமனையும், 2016இல் தொடங்கிய ஜிப்மர் மருத்துவக் கல்லூரிக் கிளையும் உள்ளன. இதயவியல், இதய-நெஞ்சக அறுவைத் துறைகள் கொண்ட முதன்மை ஜிப்மர் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வடக்கே புதுச்சேரியில் உள்ளது. ஒற்றைக் கீழறை அறுவைகளுக்குக் குடும்பங்கள் சென்னை, வேலூர், திருவனந்தபுரம் போன்ற நகரங்களையும் நாட வேண்டியிருக்கும். சுற்றிலும் தமிழ்நாட்டு மாவட்டங்களே இருந்தாலும் நெரவி மக்கள் தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு உரியவர்கள் அல்லர் என்பதை முன்னரே அறிந்திருத்தல் அலைச்சலைக் குறைக்கும். 2013இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் குழுக்கள் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் பிறவிக் குறைகளைக் கண்டறிந்து மேல் மருத்துவத்துக்கு அனுப்புகின்றன. 2018இல் வந்த ஆயுசுமான் பாரத் திட்டம் தகுதியுடைய குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது.

கருவிலேயே குறை தெரிந்தால், அறுவை வசதியுள்ள ஊரிலேயே பிரசவத்தைத் திட்டமிடலாம். அடைப்புள்ள சிரை இணைப்போடு பிறந்த குழந்தைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேர ஆம்புலன்சுப் பயணம் தாங்க முடியாததாகலாம். பிறந்த பின் தெரிந்தவர்கள், உறுப்புகளின் அமைவு, மண்ணீரலின் நிலை, செய்த அறுவைகள், கல்லீரற் சிரைகள் எங்கே இணைக்கப்பட்டுள்ளன என்பன எழுதிய ஒரு தாளை எப்போதும் உடன் வைத்திருக்குமாறு மருத்துவர்கள் கூறுவர். குடல்வால் அழற்சி இவர்களிடம் வயிற்றின் இடப்புறத்திலோ நடுவிலோ வலியாகத் தோன்றலாம் என்பதும் அத்தாளில் இடம்பெறத் தக்கது.